கடற்படைத் தளபதி அட்மிரல் ராம்தாஸ்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நம் ஊர்க்காரர்கள் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். 1985-ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கடற்கரை இராமநாதபுரத்தோடு போய்விட்டது. நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைத்தது கரிசல் மண்ணும், வெயிலும், கந்தக பூமி என்ற பெயரும்தான். அப்படியிருக்க, கடற்படை அதிகாரி ஒருவரைப் பற்றி இந்த ஊர்ப் பெண் ஏன் எழுத வருகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது தோழியரே! சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

நான் எழுதப்போவது அட்மிரல் இலட்சுமிநாராயண் ராம்தாஸ் அவர்களைப் பற்றி. இவர் 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பம்பாயில் மாதுங்கா என்னும் பகுதியில் பிறந்தார். மாதுங்கா என்றால் தெரியாதவர்களுக்கு: பம்பாய்க்குப் பிழைக்கப் போன தமிழர்கள் கூடி வாழ்ந்த இடம் அது. கோயில் மணியும் காப்பி மணமும் நம் ஊர் போலவே இருக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். இவர் சிறு வயதில் படித்தது டில்லியில் உள்ள பிரசன்டேஷன் கான்வென்டில். இதை வாசித்ததும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. பின்னாளில் இந்தியக் கடற்படை முழுவதற்கும் தலைவரான ஒருவர், கன்னியர் நடத்திய பள்ளியில் நம்மைப் போலவே வரிசையில் நின்று வளர்ந்தவர் அன்றோ!

1949-ஆம் ஆண்டு டேராடூனுக்கு அருகே கிளெமன்ட் டவுன் என்ற இடத்தில் இருந்த முப்படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளிதான் பின்னர் பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவுக்கு மாறி, தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம் என்று பெயர் பெற்றது. அப்போது இவருக்கு வயது பதினைந்து, பதினாறுதான் இருக்கும். அதாவது நம் வயது. நாம் காலாண்டுத் தேர்வுக்குப் பயந்துகொண்டிருக்கும் வயதில் அவர் வீட்டை விட்டு மலையடிவாரத்தில் அதிகாலை ஓட்டமும் அணிவகுப்புமாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1953 செப்டம்பரில் கடற்படை அதிகாரியானார்.

அவர் தேர்ந்தெடுத்த துறை செய்தித் தொடர்பு. கப்பல் கடலில் தனியே போகிறது. பக்கத்துக் கப்பலுக்கும் கரைக்கும் செய்தி சொல்ல என்ன வழி? பகலில் வண்ணக் கொடிகளை ஏற்றிச் சொல்வார்கள். இரவில் விளக்கை மறைத்தும் திறந்தும் மோர்ஸ் முறையில் சொல்வார்கள். தொலைவு அதிகமானால் கம்பியில்லாத் தந்தி. போர்க்காலத்தில் எதிரி கேட்டுவிடுவான் என்று கம்பியில்லாத் தந்தியையும் நிறுத்தி வாய்மூடிப் போக வேண்டிவரும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்திருப்பதே இந்தத் துறையின் பாதிப் படிப்பு எனலாம்.

நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்புவது இன்னும் கடினம். சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் உடைய அலைகள் மட்டுமே ஓரளவு ஆழம் போகும். அவற்றை அனுப்ப வானளாவிய கோபுரங்கள் வேண்டும். அப்படிப்பட்ட கோபுரங்கள் எங்கோ வெளிநாட்டில் அல்ல, நமக்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் நிற்கின்றன. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர். 1990-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தொடங்கப்பட்டது. கட்டபொம்மனின் பெயர் ஆழ்கடல் வரை கேட்கிறது என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமைதான்.

கொச்சியில் கடற்படை அகாடமி 1969-இல் தொடங்கியபோது அதை உருவாக்கி நடத்தும் பொறுப்பு ராம்தாஸ் அவர்களிடம் கொடுக்கப்பட்டது. இன்று அது கேரளத்தில் எழிமலையில் பெரிய கல்விக்கூடமாக இருக்கிறது.

இனி 1971-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. இன்றைய வங்காளதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தான். அங்கிருந்த பாகிஸ்தான் படைக்கு உணவும் ஆயுதமும் கடல் வழியாகத்தான் வர முடியும். தப்பிப்போவதற்கும் கடல்தான் வழி. அந்த வழியை அடைக்கும் வேலை நமது கிழக்குக் கடற்படைப் பிரிவுக்குத் தரப்பட்டது. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் நடுவில். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் விழுந்திருந்ததால் முழு வேகத்தில் ஓட முடியாது. ஆனாலும் அதிலிருந்து விமானங்கள் பறந்து சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. உடன் சென்ற கப்பல்களில் ஒன்று ஐ.என்.எஸ். பியாஸ். அதன் தலைவராக இருந்தவர் ராம்தாஸ். அப்போது அவருக்கு வயது 38.

கடல் முற்றுகை என்றால் எந்நேரமும் பீரங்கி முழங்கும் என்று நான் எண்ணியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி காத்திருத்தலும் கண்விழித்தலும்தான். தொலைவில் ஒரு கப்பல் தெரிகிறது. எந்த நாட்டுக் கப்பல்? உள்ளே இருப்பது அரிசியா, துப்பாக்கியா? நிறுத்தச் சொல்லி விளக்கால் செய்தி அனுப்ப வேண்டும். நிற்காவிட்டால் விரட்ட வேண்டும். நின்றால் படகில் ஆட்களை அனுப்பிச் சரக்கைச் சோதிக்க வேண்டும். எதிரிப் படையினர் சாதாரண வணிகக் கப்பலில் ஒளிந்து தப்பிக்கலாம். அதே சமயம், ஒன்றுமறியாத வேற்று நாட்டு மாலுமிகள் மீது சுட்டுவிட்டாலோ பெரும்பழி. இதற்கிடையில் கடலுக்கடியில் நீர்மூழ்கி இருக்கிறதா இல்லையா என்ற அச்சம் வேறு. விக்ராந்தைத் தேடி வந்த காசி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. அந்த அச்சம் வீண் அச்சம் அல்ல என்பதை மேற்குக் கடலில் நடந்தது காட்டியது. டிசம்பர் 9-ஆம் நாள் நம் குக்ரி என்ற கப்பலை எதிரியின் நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அதன் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனுடனேயே கடலுக்குள் போனார்.

டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கிழக்கே கடல் வழி திறக்கவே இல்லை. ராம்தாஸ் அவர்களுக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. போர்க்கள வீரத்துக்காக நம் நாடு தரும் விருதுகளில் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்தது இது.

அதன்பின் மேற்கு ஜெர்மனியில் நம் தூதரகத்தில் பணி, கிழக்குப் பிரிவுக் கப்பல்களின் தலைமை, கொச்சியில் தென்பிராந்தியத் தலைமை, விசாகப்பட்டினத்தில் கிழக்குப் பிராந்தியத் தலைமை என்று படிப்படியாக உயர்ந்தார். 1990 நவம்பர் 30-ஆம் நாள் இந்தியக் கடற்படையின் 13-ஆவது தலைமைத் தளபதியானார். 1993 செப்டம்பர் 30 வரை அப்பதவியில் இருந்தார். கணக்குப் பார்த்தால் பயிற்சிப் பள்ளியில் நுழைந்தது முதல் ஓய்வு பெற்றது வரை 44 ஆண்டுகள்! அவருடைய பதவிக்காலத்தில்தான் சோவியத் யூனியன் உடைந்தது. நம் கப்பல்களில் பல அங்கே கட்டப்பட்டவை. உதிரிபாகம் எங்கே வாங்குவது என்பதே பெரிய தலைவலியாகப் போயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முதலில் அவருடைய மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராம்தாஸ் அவர்களின் துணைவியார் திருமதி லலிதா. அவருடைய தந்தையார் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. (மாமனாருக்கும் மருமகனுக்கும் பெயரில் ஒற்றுமை! குழம்ப வேண்டாம்.) கட்டாரி அவர்கள் நம் தமிழ்நாட்டில் செங்கற்பட்டில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் இந்தியர் கப்பலில் மாலுமியாகலாம், அடுப்பில் கரி தள்ளலாம், சமைக்கலாம். அதிகாரி ஆக முடியாது. ஆங்கிலேயர்தான் அதிகாரி. தூத்துக்குடியில் வ.உ.சி. அவர்கள் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதற்கு என்ன கைம்மாறு கிடைத்தது என்பது நமக்குப் பாடத்திலேயே இருக்கிறது. 1927-இல் பம்பாயில் 'டஃபரின்' என்ற பயிற்சிக் கப்பலை இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கினார்கள். அதன் முதல் அணியில் சேர்ந்தவர் கட்டாரி. படித்து முடித்தும் கடற்படைக்குள் நுழைய இடமில்லை. கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1939-இல் இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகே கடற்படை அவரைச் சேர்த்துக்கொண்டது. சுதந்திரம் பெற்று 11 ஆண்டுகள் நம் கடற்படைக்கு ஆங்கிலேயரே தலைவர்களாக இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இதுவரை தெரியாது. 1958 ஏப்ரல் 22-ஆம் நாள் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் நம் செங்கற்பட்டுக் கட்டாரி.

'இந்தியரால் கப்பலை நடத்த முடியுமா?' என்ற கேள்விக்கு மாமனார் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார். மருமகன் காலத்தில் அடுத்த கேள்வி நின்றது: 'பெண்களால் முடியுமா?'

1957-ஆம் ஆண்டு கடற்படைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் பெண்கள் கடற்படையில் சேரத் தகுதியற்றவர்கள் என்றே எழுதியிருந்தது. மத்திய அரசு ஏதாவது ஒரு பிரிவைக் குறிப்பிட்டு அனுமதித்தால் மட்டும் சேரலாம். அந்த அனுமதி 34 ஆண்டுகள் வரவில்லை. மருத்துவர்கள் மட்டும் விதிவிலக்கு. ராம்தாஸ் அவர்கள் தளபதியாக இருந்தபோதுதான் 1991 அக்டோபர் 9-ஆம் நாள் சரக்கு நிர்வாகம், சட்டம், கல்வி ஆகிய பிரிவுகளைப் பெண்களுக்குத் திறந்து அரசு ஆணை வெளியிட்டது. 1992-இல் முதல் பெண் அதிகாரிகள் வெள்ளைச் சீருடை அணிந்தார்கள். ராம்தாஸ் மூன்று பெண்மக்களின் தந்தை. வீட்டில் நடந்த பேச்சும் இதற்குத் துணை செய்திருக்குமோ என்பது என் ஊகம்.

இந்தச் செய்தியை நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது ஆச்சி, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி கப்பலு? ஆபத்தான வேலையில்லா!" என்றார்கள். அதைச் சொன்ன ஆச்சி இருபது வருடம் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னியவர்கள்! என் பெரியம்மாவும் அத்தையும் இன்றும் அந்த வேலைக்குத்தான் விடியற்காலை வேன் ஏறுகிறார்கள். தீப்பொறி வராமலிருக்கப் பருத்திச் சேலைதான் உடுத்த வேண்டும், இரும்பால் தட்டக்கூடாது, ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்று எத்தனை கட்டுப்பாடு! வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் தெருவே வாசலுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். வெடிமருந்தின் பக்கத்தில் நாள் முழுவதும் உட்காரும் வேலையைப் பெண்ணுக்குத் தரும்போது ஆபத்து என்று யாரும் தடுக்கவில்லை. அதிகாரியின் தொப்பியைத் தருவது என்றால் மட்டும் ஆபத்து நினைவுக்கு வருகிறது. இதை ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படிக்கிறதப் படி" என்றார்கள். அது சம்மதம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் 1992-இல் திறந்தது அரைக் கதவுதான். பெண்களுக்குக் குறுகிய காலப் பணி மட்டும். அதிகம் போனால் 14 ஆண்டுகள். பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். ஓய்வூதியம் பெற 20 ஆண்டுப் பணி வேண்டும் என்பதால் அதுவும் இல்லை. ஆண்களுக்கு இருந்த நிரந்தரப் பணி இவர்களுக்கு மறுக்கப்பட்டது. பெண் அதிகாரிகள் வழக்குத் தொடுத்தார்கள். கப்பல்களில் பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லை என்றுகூட நீதிமன்றத்தில் வாதிட்டார்களாம்! ஒரு போர்க்கப்பலைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு கழிவறை கட்டத் தெரியாதா? 2020 மார்ச் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த வாதங்களைத் தள்ளி, பெண்களுக்கும் நிரந்தரப் பணி உண்டு என்று தீர்ப்பளித்தது. முதல் பெண் அதிகாரிகள் சேர்ந்து 28 ஆண்டுகள் கழித்து! அந்த 28 ஆண்டுகளில் எத்தனையோ பேர் தங்கள் அனுபவத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் பெரிதாக வரவில்லை.

ஓய்வு பெற்ற பின் ராம்தாஸ் என்ன செய்தார் என்பதும் சுவையானது. வீர் சக்ரா பெற்றவர் என்ற முறையில் அவருக்கு மராட்டிய மாநிலத்தில் அலிபாக் அருகே கிராமத்தில் நிலம் கிடைத்தது. அங்கே குடியேறி விவசாயம் செய்தார். அதோடு நில்லாமல், எந்த நாட்டை எதிர்த்துக் கடலில் முற்றுகை நடத்தினாரோ அந்தப் பாகிஸ்தான் மக்களுடன் நட்பு வளர்க்கும் அமைப்பில் சேர்ந்து உழைத்தார். 1998-இல் இரு நாடுகளும் அணுகுண்டு வெடித்துச் சோதித்த பிறகு, அணு ஆயுதம் யாருக்கும் வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசினார். 2004-ஆம் ஆண்டு அமைதிக்கான மகசேசே விருது அவருக்கும் பாகிஸ்தானைச் சேர்ந்த திரு. இப்னு அப்துர் ரஹ்மான் அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. நாட்டைக் காக்க வேண்டிய தளபதி அணு ஆயுதம் வேண்டாம் என்று சொல்லலாமா என்று சிலர் கோபப்பட்டார்கள். எதிரியிடம் அது இருக்கும்போது நாம் மட்டும் விடுவது எப்படி என்ற அவர்கள் கேள்வி எளிதில் தள்ளக்கூடியதும் அன்று. ஆனால் எனக்கு என்னவோ, வெடிமருந்து என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர் பேசுவதைக் கேட்காமல் வேறு யார் பேச்சைக் கேட்பது என்றே தோன்றுகிறது. பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

அட்மிரல் ராம்தாஸ் 2024 மார்ச் 15-ஆம் நாள் ஐதராபாத்தில் காலமானார். வயது 90.

அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற சிறிய பாய்மரக் கப்பல் புறப்பட்டது. நீளம் 17 மீட்டர். நம் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளை ஒன்றாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதில் இருந்தவர்கள் இரண்டே பேர். கேரளத்துக் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. காற்றை மட்டுமே நம்பி உலகைச் சுற்றினார்கள். தென்னமெரிக்காவின் கடைக்கோடியில் ஹார்ன் முனை இருக்கிறதே, பெரிய பெரிய கப்பல்களையும் விழுங்கிய அந்த இடத்தையும் கடந்தார்கள். ஒருவர் உறங்க மற்றவர் சுக்கான் பிடிக்க, 25,000 கடல் மைலுக்கும் அதிகமாகப் பயணம் செய்து 2025 மே 29-ஆம் நாள் கோவாவுக்குத் திரும்பினார்கள். (ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதற்கு மறுநாள், மே 30-ஆம் நாள், ராம்தாஸ் அன்று சேர்ந்த அதே கல்விக்கழகத்திலிருந்து முதன்முறையாக 17 பெண்கள் தேர்ச்சி பெற்று வெளிவந்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அங்கே பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கல்விக்கழகத்தின் கடற்படைப் பிரிவில் சேர விரும்புகிறவர்கள் மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படிக்க வேண்டும். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். எங்கள் வகுப்பில் இப்போதே மூன்று பேர் எந்த குரூப் எடுப்பது என்பதை முடிவு செய்துவிட்டோம்.